ஆமையால் ஏற்பட்ட கணிசமான இடையூறு

பெல்ஃபோர்க் பள்ளிப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையைப் பற்றி ஒரு விதி உண்டு. பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கும்வரை ஓட்டுநர் அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வண்டி தீப்பிடித்தால் எழுந்திருக்கலாமா என்று எப்போதோ ஒருவர் கேட்டதாகவும், அதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டதாகவும், அது இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பதாகவும் சொல்வார்கள். ஆமை குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் டார்லா கோவாண்டாவின் வேலைக்கு ஆபத்து வந்தது.

ஆபத்துக்கு உண்மையான காரணம் தன்னுடைய ஆட்காட்டி விரல் என்று எட்டாம் வகுப்பு கோரா லிண்ட் நினைத்தாள்.

பெல்ஃபோர்க் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேட்டுப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். வணக்கம், சௌக்கியமா, உங்கள் பக்கம் மழை பெய்ததா எல்லாம் அதிலேயே அடக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காது மடல் சிவந்துவிடும் கோராவுக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்தது. காலையில் பேருந்தில் ஏறும்போது டார்லா ஒரு விரலைத் தூக்குவாள். கோராவும் தூக்குவாள். பிறகு ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். மற்ற பெரியவர்களைப் போல, "ஏன் பேச மாட்டேங்கற, கண்ணு?" என்று டார்லா ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மழை விட்ட ஒரு மாலை, வீடு திரும்பும் வழியில், கோரா வழக்கத்துக்கு மாறாக விரலைத் தூக்கினாள். டார்லா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். விரல் காட்டிய திசையில், சாலையின் நடுவே, கை அலம்பும் தொட்டி அளவுக்கு ஒரு கடிக்கிற ஆமை நின்றது. டார்லா வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, தன் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆமையை அதன்மேல் ஏற்றி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்துக்கே இழுத்து விட்டுவிட்டு வந்தாள்.

"அவருக்கு அந்தப் பக்கம் ஏதோ அவசர ஜோலியாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டிய பிள்ளைகளில் ஒன்று அதை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னது. மறுநாள் டார்லா வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டாள். அவளை ஒரேயடியாக அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பள்ளி வாரியம் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் முடிவு செய்யும் என்று அறிவித்தார்கள். கூட்டம், நாடு தன் உரிமைகளைக் கொண்டாடும் அரசியல் சாசன நாளன்று அமைந்தது. அதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் பேருந்து ஓட்ட ஆள் கிடைப்பது லேசில்லை. ஆகவே அதற்கான உரிமம் வைத்திருந்த தலைமையாசிரியர் மெர்ல் டென்னிங் தானே ஓட்ட ஆரம்பித்தார். விதிப் புத்தகத்தை முன்கண்ணாடிக்குக் கீழே திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதில் உள்ளதையெல்லாம் செய்தார். பிள்ளைகள் இரண்டாம் பாடவேளையின் நடுவில் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் அவசரமாக முதலில் இறங்கி, வாசலில் போய் நின்று, தாமதமாக வந்ததற்காக அவர்களைக் கண்டித்தார்.

இந்தச் சமயத்தில்தான் சமூக அறிவியல் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. பக்கத்து மாநிலமான அயோவாவில் முன்னொரு காலத்தில் சில பிள்ளைகள் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனதும், பள்ளி அவர்களை வீட்டுக்கு அனுப்பியதும், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பிள்ளைகள் ஜெயித்ததும் பாடத்தில் இருந்தன. பள்ளி வேலைக்குக் கணிசமான இடையூறு ஏற்படாதவரை, அல்லது ஏற்படும் என்று நினைக்கச் சரியான காரணம் இல்லாதவரை, பிள்ளைகள் தம் கருத்தைக் காட்டுவதைத் தடுக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

கோராவுக்கு அதில் ஒரு விஷயம் மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்கவே இல்லை. பட்டை மட்டும்தான் கட்டினார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு ஆமையை வரைந்தாள். அவள் தோழி இட்செல் ராமோஸின் அக்காவிடம் பேட்ஜ் செய்யும் சின்ன இயந்திரம் இருந்தது. இட்செல் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவள். கோராவின் பங்கையும் சேர்த்துப் பேசுவதாக அவள் சொல்லிக்கொள்வாள்.

"வெறும் ஆமை மட்டும் போட்டா யாருக்குடீ புரியும்? 'டார்லாவை விட்டுடுங்க'ன்னு கீழ எழுது."

கோரா தலையை ஆட்டினாள்.

"வேண்டாமா? சரி, 'ஆமைக்கும் நீதி'ன்னாவது?"

கோரா மறுபடி தலையை ஆட்டினாள்.

"உன்னோட சண்டை போடறதும் சுவத்தோட சண்டை போடறதும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வாரியக் கூட்டத்துல யாரு வேணா மூணு நிமிஷம் எழுந்து பேசலாம். நீதான் ஆமையைப் பார்த்தே. நீதான் காட்டினே. அதை நீ சொன்னாத்தான் டார்லா தானா எறங்கி விளையாடப் போகலைன்னு அவங்களுக்குத் தெரியும். பேட்ஜ் பேசாது."

 கோராவுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் ஆமையை அவ்வளவு கவனமாக வரைந்திருந்தாள்.

மறுநாள் முதல் பாடவேளை முடிவதற்குள் அவள் தலைமையாசிரியர் அறையில் இருந்தாள். டென்னிங் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் சட்டையில் இருந்த ஆமை பேட்ஜை நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர். கூடைப்பந்துப் போட்டியில் எந்த அணி தோற்றாலும் கண் கலங்குவார். விதி என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

"இதுல எழுத்தே இல்லையே கோரா."

கோரா தரையைப் பார்த்தாள்.

"எழுத்து இருந்தா எதை எதிர்க்கறதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆமை என்ன கருத்து சொல்லுது? ஆதரவா, எதிர்ப்பா?"

அவர் லிங்கன் நகரத்தில் இருந்த வாரியத்தின் வக்கீலைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வக்கீல் ஹோல்காம்ப்பை பெல்ஃபோர்க்கில் யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும் அடிக்கடி வரும்.

"பேட்ஜ் அசிங்கமா இருக்கா?" என்று குரல் கேட்டது.

"இல்லை. நல்லாவே வரைஞ்சிருக்கா."

"அப்ப தடுக்க முடியாது மிஸ்டர் டென்னிங். கணிசமான இடையூறு இருக்கணும். இடையூறு நடந்திருக்கா?"

"இன்னும் இல்லை."

"எதிர்பார்க்கறீங்களா?"

"ஆவலா."

"ஆவல் போதாது. ஆதாரம் வேணும்."

இடையூறு கண்டறியும் குழு அன்றே அமைக்கப்பட்டது. டென்னிங், நூலகர், பேஸ்பால் பயிற்சியாளர் ஆகிய மூவரும் மஞ்சள் நிற மேல்சட்டை அணிந்து, கையில் மணியோடு வகுப்பு வகுப்பாகப் போனார்கள். மணியை அடித்து, பாடத்தை நிறுத்தி, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"உங்க படிப்புக்கு ஆமையால ஏதாவது இடையூறு ஏற்பட்டிருக்கா?" என்று டென்னிங் கணக்கு வகுப்பில் கேட்டார்.

"எந்த ஆமை சார்?" என்றான் ஒருவன்.

டென்னிங் ஆமையை விவரித்தார். பிறகு கரும்பலகையில் வரைந்தும் காட்டினார். அவருக்கு ஓடு சரியாக வரவில்லை என்று இரண்டு பேர் எழுந்துவந்து திருத்தினார்கள். கால்களைப் பற்றி வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"இப்ப சொல்லுங்க மிஸஸ் ட்வோராக், உங்க வகுப்புல இடையூறு இருக்கா?" என்று அவர் கணக்கு ஆசிரியையைக் கேட்டார்.

"நீங்க வர்ற வரைக்கும் பின்னம் நல்லாத்தான் சார் போயிட்டு இருந்தது."

"ஆனா இப்ப இல்லையே? அதை அப்படியே குறிச்சுக்கங்க" என்றார் டென்னிங் நூலகரிடம்.

குழு எல்லா வகுப்புக்கும் போய்விட்டு வந்தபோது, காலையில் ஒரே ஒரு சட்டையில் இருந்த ஆமை பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. இட்செலின் அக்காவின் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டதால், மற்றவர்கள் பேனாவால் கையிலேயே வரைந்துகொண்டார்கள். பேஸ்பால் பயிற்சியாளருக்குத் தெரியாமல் அவர் மஞ்சள் சட்டையின் முதுகிலும் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் வகுப்புகள் அமைதியாகவே நடந்தன. ஆமை வரைந்துகொண்ட பிள்ளைகள் ஆமையைப் போலவே இருந்தார்கள். டென்னிங்குக்குத் தூக்கம் போயிற்று. அவர் வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல், இடையூறு வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தாலும் போதும் என்றார். கணிப்பதற்காக டென்னிங் ஒத்திகை வைத்தார்.

அந்தப் பள்ளியில் தீ ஒத்திகை உண்டு, சூறாவளி ஒத்திகை உண்டு. இடையூறு ஒத்திகை அதுதான் முதல் தடவை. நீண்ட மணி அடித்ததும் எல்லாரும் இடையூறு செய்யவேண்டும் என்று ஒலிபெருக்கியில் விளக்கப்பட்டது. மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் ஒருவன் பென்சிலைக் கீழே போட்டான். பிறகு அவனே அதை எடுத்துக்கொண்டான்.

ஒலிபெருக்கியில் டென்னிங்கின் குரல் தழுதழுத்தது.

"பிள்ளைங்களா, இது கணிசமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. போன வருஷம் சூறாவளி ஒத்திகையில நீங்க எவ்வளவு நல்லா பயந்தீங்க! உங்ககிட்ட திறமை இருக்கு, எனக்குத் தெரியும். மறுபடி முயற்சி பண்ணுவோம்."

இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை மதிய உணவு நேரம் வந்துவிட்டதால் பிள்ளைகள் மணியை உணவு மணி என்று எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய்விட்டார்கள்.

பைகளைச் சோதிப்பது என்று அடுத்து முடிவாயிற்று. காரணம் இல்லாமல் பிள்ளையின் பையைத் திறக்கக் கூடாது, சந்தேகத்துக்கு நியாயம் இருக்க வேண்டும் என்று வக்கீல் எச்சரித்தார். இட்செலின் பை உருண்டையாக இருந்தது. அதுவே நியாயம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. உள்ளே அவள் பாட்டி கொடுத்துவிட்ட தமாலே என்ற மெக்சிகோ கொழுக்கட்டை நிறைந்த டப்பா இருந்தது. சோளமாவு வாசனை நடைகூடம் முழுக்கப் பரவியது.

"சாட்சியா எடுத்து வெக்கணுமா சார்?" என்று கேட்டாள் இட்செல். "வெச்சா ஆறிடும். ஆறினா பாட்டி உங்களைத் தேடிட்டு வருவாங்க."

சாட்சி அங்கேயே உண்ணப்பட்டது. நூலகர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

கடைசியில் கோராவையே மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புமுன், அதன்மேல் உள்ள குற்றத்தைச் சொல்லி, அது தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். அதுவும் சாசனம் தந்த உரிமைதான். மூன்று மஞ்சள் சட்டைகள் எதிரே வரிசையாக உட்கார்ந்தன.

"உன்மேல குற்றம் என்னன்னா..." என்று ஆரம்பித்த டென்னிங் நூலகரைப் பார்த்தார். நூலகர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் ஜன்னலைப் பார்த்தார். "அது தயாராகிட்டு இருக்கு. அதுக்குள்ள நீ உன் பக்கத்தைச் சொல்லலாம்."

கோராவின் காது மடல்கள் எரிந்தன. விரலைத் தூக்கினேன் என்று மட்டும் சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்து, மூன்று ஜோடிக் கண்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"உனக்குப் பேச உரிமை இருக்கு கோரா. பேசாம இருந்தா, நம்ம முன்னோர்கள் ரத்தம் சிந்தி வாங்கின உரிமையை நீ மதிக்கலைன்னு ஆகும். ஆனா பேசினியானா, அது எங்களுக்கு இடையூறா இருக்கான்னு குறிச்சுக்குவோம். பயப்படாதே."

அவள் பேசவில்லை. குற்றமும் தயாராகவில்லை. அடுத்த பாடவேளைக்கு அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அரசியல் சாசன நாள் வந்தது. அன்று மத்திய அரசின் பணம் வாங்குகிற பள்ளிகளெல்லாம் சாசனத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம். பெல்ஃபோர்க்கில் அதை உடற்பயிற்சிக் கூடத்தில், சிவப்பு, வெள்ளை, நீலச் சர்க்கரை பூசிய கப் கேக்குகளோடு சொல்லித்தருவார்கள். டென்னிங் சாசனம் எழுதிய கனவான்களைப் போல முழங்கால்வரை காற்சட்டையும், சுருள் சுருளான வெள்ளை டோப்பாவும் அணிந்து மேடையேறினார்.

"இப்ப கொடி உறுதிமொழி. எழுந்து நிக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது இந்த நாட்டோட பெருமை. உட்கார்ந்தே இருக்க விரும்பறவங்க, நாங்க அடையாளம் தெரிஞ்சுக்கறதுக்காக, தயவுசெய்து எழுந்து நில்லுங்க."

பிறகு பேச்சுரிமையைப் பற்றிய பேச்சுப் போட்டி. பேச்சுகளையெல்லாம் முன்னதாகவே அலுவலகத்தில் தந்து அனுமதி வாங்க வேண்டும். இட்செல் நீளமாக எழுதித் தந்திருந்தாள். சிவப்புப் பேனா அதில் வேலை செய்தபின் மிஞ்சியதை அவள் மேடையில் உணர்ச்சியோடு பேசினாள்.

"பெரியோர்களே, தோழர்களே! ஆனால்... ஆனால்... இருந்தபோதிலும்! நன்றி."

கூடமே எழுந்து கை தட்டியது. அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. பின்னால் வந்து கோராவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் 'ஆனால்' சொன்னப்ப டென்னிங் கண்ணைத் துடைச்சுக்கிட்டார் பார்த்தியா?" என்று கிசுகிசுத்தாள். "இன்னிக்கு ராத்திரி நீ பேசணும்டீ. என்னோடது எல்லாத்தையும் அடிச்சுட்டாங்க. உன்னோடதை அடிக்க முடியாது. நீ இன்னும் எழுதவே இல்லையே."

வாரிய அலுவலகம் பக்கத்து ஊரில் இருந்தது. ஜனநாயகத்தைக் கண்ணால் காணும் நிகழ்ச்சி என்று பெயரிட்டு, பிள்ளைகளை மாலையில் கூட்டத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போனார்கள். டென்னிங் டோப்பாவைக் கழற்றாமலே ஓட்டினார். கோரா வழக்கமான முதல் இருக்கையில் உட்கார்ந்து, சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏரிப் பக்கம் திரும்பும் இடத்தில் வண்டி நின்றது.

சாலையின் நடுவில் ஆமை இருந்தது. அதே ஆமையா, அதன் உறவுக்காரரா என்று சொல்ல முடியாது. அதே அளவு, அதே முகபாவம். போன தடவை அந்தப் பக்கம் போனதற்கு இப்போது வருத்தப்பட்டுத் திரும்பி வருவதுபோல இருந்தது.

டென்னிங் விதிப்படி சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் உள்ள 'நில்' பலகையை நீட்டினார். அது நீட்டியிருக்கும்போது முன்னாலும் பின்னாலும் எந்த வண்டியும் தாண்டிப் போகக் கூடாது. பிறகு வக்கீலைக் கூப்பிட்டு, தொலைபேசியின் குரலைப் பெரிதாக வைத்தார்.

"எழுந்திருக்காதீங்க" என்றார் ஹோல்காம்ப். "அதுக்குத்தான் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பப் போறோம்."

"சுத்திப் போகட்டுமா?"

"இரட்டை மஞ்சள் கோடு இருக்கா? அப்ப கூடாது."

"அப்ப... மேல..." டென்னிங்கின் குரல் கம்மியது.

"ஏத்தவே கூடாது! பிள்ளைங்க எல்லார் சட்டையிலும் ஆமை இருக்குன்னு சொன்னீங்களே. ஆமை இப்ப ஒரு கருத்து. அரசாங்க வண்டி அது மேல ஏறினா, ஒரு தரப்புக் கருத்தை நாம நசுக்கினதா ஆகிடும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"நடுநிலையா இருங்க."

பேருந்து நடுநிலையாக நின்றது. ஆமையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நடுநிலை வகித்தது. பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன. கூட்டத்துக்குப் போகும் வாரிய உறுப்பினர்களின் வண்டிகள்தாம் முக்கால்வாசியும். தலைவி ஆர்லீன் ப்ரோஸ்ட் இறங்கி வந்தாள். மற்ற உறுப்பினர்களும் இறங்கி வந்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்க வாயெடுத்ததும், திறந்திருந்த ஜன்னல் வழியாக வக்கீலின் குரல் பதறியது.

"அங்க எத்தனை உறுப்பினர்கள்? பாதிக்கு மேல ஒண்ணா நின்னு பேசினா அது கூட்டம்! அறிவிப்பு இல்லாம கூட்டம் போட்டா சட்ட விரோதம்! தள்ளி நில்லுங்க!"

உறுப்பினர்கள் தள்ளி நின்றார்கள். ஒருவர் வேலியோரம், ஒருவர் பள்ளத்துக்குள், ஒருவர் சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே. யாரும் யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையின் கடைசியில் டார்லாவின் பழைய டிரக்கும் நின்றது. பள்ளி வண்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு இருந்ததால், அவள் டிரக்கின் முன்மூடியில் ஏறி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ டென்னிங்!" என்று அங்கிருந்தே கத்தினாள். "விரிப்பு உங்க காலடியில இருக்கு!"

"நான் எழுந்திருக்க முடியாது டார்லா!"

"தெரியும்! எனக்கும் அதைத்தான் சொன்னாங்க!"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் வைக்கோல் கட்டுகள் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. எதிரே வெயில் கண்ணில் அடிக்க, இனி வருகிற வண்டிக்காரன் நிற்பானோ மாட்டானோ. கோரா ஆமையைப் பார்த்தாள். அது மெதுவாகத் தலையை வெளியே நீட்டி, தான் போகவேண்டிய பக்கத்தைப் பார்த்தது. யாராவது எழுந்தால் போதும். இத்தனை பெரியவர்களில் ஒருவர்.

கோரா எழுந்தாள்.

"காலைத் தூக்குங்க" என்றாள்.

டென்னிங் யார் பேசியது என்று வண்டி முழுக்கப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. திகைப்பில் இரண்டு காலையும் தூக்கினார். கோரா விரிப்பை உருவிக்கொண்டு, வண்டியின் நடுவழியே கடைசிவரை நடந்து, அவசரக் கதவைத் திறந்தாள். எச்சரிக்கை மணி அலறியது. இடையூறு ஒத்திகையில் ஒருநாளும் வராத சத்தம் பிள்ளைகளிடமிருந்து அப்போது வந்தது.

ஆமைக்கு எதிரே அவள் விரிப்பைப் போட்டபோது, அது வாயைத் திறந்தது. அந்த வாய் விளக்குமாற்றுக் கட்டையை முறிக்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டென்னிங்குக்கும் தெரியும்.

"கோரா! கையை எடு! கடிச்சுடும்மா!"

அவர் ஓடிவந்த வேகத்தில் டோப்பா கழன்று முன்னால் பறந்து விழுந்தது. ஆமை அதைக் கவ்விக்கொண்டது. கவ்வியதை எளிதில் விடும் பிராணி அல்ல அது. வாய் நிறைந்திருந்ததால் அதைப் பின்னாலிருந்து விரிப்பின்மேல் தள்ளுவது சுலபமாயிற்று. கோரா ஒரு முனையையும் தலைமையாசிரியர் மறு முனையையும் பிடித்து இழுத்தார்கள். சாலையோரப் புல்லில் இறங்கியதும் ஆமை சுருள் சுருளான வெள்ளை டோப்பாவோடு, சாசனம் எழுதிய கனவானின் நடையில், ஏரியை நோக்கிப் போயிற்று.

 ஆர்லீன் ப்ரோஸ்ட் பள்ளத்துக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"மெர்ல்... நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?"

டென்னிங் தன் காலைப் பார்த்தார். கால் சாலையில் இருந்தது. பேருந்தைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. அதன் பக்கத்திலிருந்து ஹோல்காம்ப்பின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஹலோ? ஹலோ? யாரும் எழுந்திருக்கலையே?"

கூட்டம் தாமதமாகவே தொடங்கியது. பார்வையாளர் நேரத்தில் கோராவின் பெயரை வாசித்தார்கள். அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். மேஜைமேல் இருந்த சமையலறைக் கடிகாரத்தை மூன்று நிமிடத்துக்குத் திருகிவைத்தார்கள். கூடம் முழுக்க ஆமைகள் அவளைப் பார்த்தன. காது மடல்கள் எரிந்தன. ஆனால் இன்று ஏற்கெனவே ஒருமுறை பேசியாகிவிட்டது. இரண்டாவது அவ்வளவு தூரமில்லை.

"அன்னிக்கு விரலைத் தூக்கினது நான்தான்" என்றாள். "அதனாலதான் பஸ் நின்னது."

"கண்ணு, பணியாளர்களைப் பத்தி இங்க பேசக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றாள் ஆர்லீன்.

"நான் என் விரலைப் பத்தித்தான் பேசறேன்."

ஆர்லீன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பார்வையாளர்களின் விரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கோராவுக்கு அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மூன்று நிமிடமும் பேச்சாளருக்குச் சொந்தம், யாரும் குறுக்கிடக் கூடாது என்பதும் விதி. ஆகவே அவள் அங்கேயே நின்றாள். கடிகாரம் டிக் டிக் என்று ஓடியது. வாரியம் கைகட்டி உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். டென்னிங்தான்.

மணி அடித்ததும் ஆர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுல இந்த வாரியம் மலை மாதிரி உறுதியா நிக்கும். ஆனா விதியை மீறினவங்கள்ல தலைமையாசிரியரும் ஒருத்தர்னு ஆகிட்டப்போ, விதியை இன்னொரு தடவை நிதானமாப் படிச்சுப் பார்க்கறதுதான் ஜனநாயகம்."

நிதானமாகப் படித்துப் பார்த்ததில், சாலையில் ஆமை இருக்கும்போது ஓட்டுநரின் இருக்கை சாலையோரப் புல்வரை நீளும் என்று தெரியவந்தது. யாரும் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இடையூறு கண்டறியும் குழு தன் முடிவையும் சமர்ப்பித்தது. பள்ளியில் கணிசமான இடையூறு இருந்தது உண்மை, அது குழு வரும்போது வந்து குழு போகும்போது போய்விட்டது, காரணத்தை ஆராய இன்னொரு குழு வேண்டும் என்றது.

மறுநாள் காலை, பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. கதவு திறந்தது. டார்லா ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலைத் தூக்கினாள். கோராவும் தூக்கினாள். முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு முன்னால் குனிந்தாள்.

"குட் மார்னிங், டார்லா."

டார்லா கண்ணாடியில் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏய், வண்டி ஓட்டறவங்ககிட்ட பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு மேல எழுதியிருக்கு பாரு" என்றாள். "கணிசமான இடையூறு."

கோரா சிரித்தாள். அடுத்த நிறுத்தம் வரும்வரை, டார்லா தானே அந்த விதியை நன்றாக மீறிக்கொண்டு வந்தாள்.